மு ஏழு, ப ஒண்ணு

ஆடி 27, செவ்வாய்

ஒல்லி மாமா, இன்னைக்கும் வெயில்தான். காத்து மட்டும் பேய்க்காத்து. கொடியில போட்ட துணி பக்கத்து வீட்டு மாடியில போயி விழுந்துச்சு. இட்லி மாவு வாடிக்கை காலையில ஆறு பேரு, சாயங்காலம் ஒம்போது.

இது உங்க எடைமேடை நோட்டு. முன்பக்கம் பூராம் லாரி நம்பர், லோடு, நேரம்னு எழுதி வச்சிருக்கீங்க. அதைத் தொடல. நான் பின்பக்கத்துல இருந்து எழுதுறேன். கவிதாதான் சொன்னா. "இன்சூரன்ஸ் ஆபீஸ்ல சொல்றதெல்லாம் வீட்டுக்கு வர்றதுக்குள்ள மறந்துருதும்மா ஒனக்கு, எழுதி வையி." மறக்குறது நெசந்தான். நேத்து அடுப்புல பாலை வச்சிட்டு ரேசன் கடைக்குப் போயிட்டேன்.

ஆறாப்பு எழுத்து. யாரு பாக்கப் போறா.

செய்ய வேண்டியது:
கரண்டு பில்லு.
பாண்டி அண்ணனுக்குப் போன்.
டெய்லர்கிட்ட உங்க சட்டை ரெண்டு தச்சுக் கெடக்காம். வாங்கணும். வாங்கி என்ன செய்ய.

கீழக்குயில்குடி வீட்டுக்குக் கெடு ஆவணி 15. வைகாசியில நீங்க ஒப்பந்தம் போட்டு ஒரு லட்சம் அட்வான்ஸ் குடுத்தீங்க. மூணு மாசத்துக்குள்ள பத்திரம் முடிக்கணும்னு கெடு. ஆனியில நீங்க போயிட்டீங்க. கெடு நிக்கல, அது பாட்டுக்கு வந்துக்கிட்டிருக்கு. தாண்டுச்சுன்னா அட்வான்ஸும் போச்சு, வீடும் போச்சு.

இந்த விளாங்குடி வீட்டுக்காரரும் கேக்க ஆரம்பிச்சிட்டாரு. "மக கல்யாணத்துக்கு வீடு வேணும்மா, தை மாசத்துக்குள்ள பாத்துக்கங்க." மரியாதையாத்தான் கேட்டாரு.

ஆடி 28, புதன்

உளுந்து வெல ஏறியிருக்கு. அரை கிலோதான் போட்டேன்.

புரோக்கர் பாண்டி அண்ணே பதினோரு மணிக்கு வந்தாரு. ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டச் சொன்னாரு. பிளாஸ்டிக் கவரோட அப்படியே குடுத்தேன். உள்ள இருந்து ஒரு எடைச்சீட்டு விழுந்துச்சு. முன்னால ஏதோ ஜல்லி லாரி எடை. பின்னால உங்க எழுத்து.

மு 7
ப 1
எ.கூ 5000
வி 500
ப.மா 800
பூ 200

அம்புட்டுத்தான். ஒரு வார்த்தை முழுசா இல்ல. உங்களுக்கு எப்பவும் பேச்சும் பாதி, எழுத்தும் பாதி.

பாண்டி அண்ணே பாத்த ஒடனே சிரிச்சாரு. "மாப்ள கணக்குப் போட்டு வச்சிருக்காருத்தா." நான் என்ன கணக்குன்னேன். அப்பத்தான் சொல்றாரு, வீட்டு வெல ஒம்பதரை லட்சத்தோட முடியாதாம். கெவுருமெண்டுக்குத் தனியாக் கட்டணுமாம்.

நான் வெல மட்டும்தான்னு நெனச்சிருந்தேன் மாமா. கத்திரிக்கா வாங்குனா கத்திரிக்காய்க்குக் காசு. வீடு வாங்குனா வீட்டுக்குக் காசு. வாங்குனேன்னு சொல்றதுக்கும் காசா?

அவரு சொன்னதை அப்படியே எழுதுறேன்:
மு = முத்திரைத் தீர்வை. நூத்துக்கு ஏழு ரூவா. பத்திரம் செல்லணும்னா இது கட்டணும்.
ப = பதிவுக் கட்டணம். நூத்துக்கு ரெண்டு. ஆபீஸ் புத்தகத்துல ஏத்துறதுக்கு.
எ.கூ = எழுத்துக் கூலி. பத்திரம் எழுதுறவுகளுக்கு.
வி = வில்லங்கம். வீட்டு மேல கடன் கிடன் இருக்கான்னு பாக்குற சீட்டு.
ப.மா = பட்டா மாத்துறது.
பூ = தெரியல.

"ப-வுக்கு ஒண்ணுன்னு போட்டிருக்காரே அண்ணே?"

"தப்பாப் போட்டுட்டாருத்தா. ரெண்டுதான். நான் வாரத்துக்கு மூணு பத்திரம் பாக்குறேன்."

சொல்லிக்கிட்டே சட்டைப்பையில இருந்த செவப்புப் பேனாவை எடுத்து, உங்க 1 மேலயே 2-ன்னு எழுதிட்டாரு. எனக்குச் சுருக்குன்னுச்சு. கையைப் பிடிக்கலாம்னு பாக்குறதுக்குள்ள எழுதிட்டாரு. உங்க எழுத்து இனிமே புதுசா ஒண்ணு வருமா?

அவரு போனப்புறம் கணக்குப் போட்டேன். ஏழும் ரெண்டும் ஒம்போது. ஒம்பதரை லட்சத்துக்கு எண்பத்தஞ்சாயிரத்து ஐநூறு. மத்த செலவு ஆறாயிரத்தி ஐநூறு. மொத்தம் தொண்ணூத்தி ரெண்டாயிரம்.

வெலைக்கு இருக்கு. உங்க இன்சூரன்ஸ், எடைமேடை முதலாளி குடுத்தது, டெபாசிட்டு. லோன் போடணும்னு அலைஞ்சீங்க. இப்ப லோன் வேணாம். அது எப்படி வேணாம்னு ஆச்சுன்னு நெனச்சா சோறு எறங்கல.

வெல போக மிச்சம் கையில எழுபத்தொம்போதாயிரம். பதிமூணு கொறையுது.

ஆடி 29, வியாழன்

தூக்கமில்ல. கண்ணு எரியுது. மாவு இன்னைக்குப் பொங்கவே இல்ல, வாடிக்கைக்காரம்மா ஒருத்தி சொல்லியே காட்டிட்டா. "அக்கா, இட்லி கல்லு மாதிரி இருக்கு, எறிஞ்சா மண்டை ஒடையும்." நீங்க இருந்தா நல்லாச் சிரிச்சிருப்பீங்க.

ஒரே நெனப்பு. எடைமேடையில இருபது வருசம் நின்ன ஆளு. லாரியில டிரைவர் எறங்கினானா இல்லையான்னு எடையை வச்சே சொல்ற ஆளு. ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாமயா எழுதுனீங்க?

தப்பாத்தான் எழுதிட்டீங்கன்னா அதுக்கும் கோவம் வருது. ஒம்பதாயிரத்து ஐநூறு ரூவா தப்பு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருந்தா என்ன? வீடு பாத்தது சொல்லல, ஒப்பந்தம் போட்ட அன்னைக்குத்தான் சொன்ன. எல்லாத்தையும் வாய்க்குள்ளயே வச்சிக்கிட்டுப் போயிட்ட. நான் எங்க போயி முட்டிக்க?

கோவத்துல நீன்னு எழுதிட்டேன். அடிச்சு அழிக்கல. இருக்கட்டும்.

பீரோவை ஒதுங்க வைக்கையில ஒரு தபால் கவரு. உங்க காரியம் முடிஞ்ச வாரம் வந்தது. பிரிக்காமயே போட்டு வச்சிருந்தேன். உள்ள ஒரு அட்டை, என் போட்டோ, என் பேரு. கவிதா பாத்துட்டு "பான் கார்டும்மா"ன்னா.

"எனக்கு எதுக்குடி?"

"நீ கேக்காம எப்படி வரும்?"

நான் எங்க கேட்டேன். மாவு விக்கிறவளுக்குப் பான் கார்டு. எவனோ தப்பா அனுப்பியிருப்பான். மறுபடி பீரோவுல போட்டேன்.

ஆடி 30, வெள்ளி

கோயிலுக்குப் போற கூட்டம் பஸ்ஸுல. நான் போகல. போகவும் கூடாதாம் ஒரு வருசத்துக்கு, பஞ்சவர்ணம் மதினி சொல்லிட்டாக.

உங்க அக்காதான். பணம் கேக்கல நான், போன்ல சும்மா நெலவரம் சொன்னேன். அவுகளே முந்திக்கிட்டாக. "என்கிட்ட ஒண்ணும் இல்லத்தா, மருமகனுக்கு ஆபரேசன்." அப்புறம் "என்னதான் செய்யப் போற?"ன்னாக. தாலி இருக்குன்னேன்.



"எந்தம்பி கட்டுனதை வித்துக் கெவுருமெண்டுக்குக் கட்டுவியா? அந்த வீடு வெளங்குமா?"

"வாடகை வீட்டுல இருந்தா வெளங்குமா மதினி?"

வச்சிட்டாக. நானா அப்படிப் பேசுனேன்னு எனக்கே தெரியல.

சங்கிலி ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குப் போச்சு. அன்னைக்கு ராத்திரி ஒரு நாளைக்கே அம்புட்டு. உங்களைக் காப்பாத்தவும் இல்ல. மிச்சம் இருக்குறது தாலி ரெண்டும், குண்டு நாலும். பதினாறாம் நாள் கழட்டி மஞ்சத் துணியில முடிஞ்சு அரிசிப் பானைக்குள்ள கெடக்கு. அரிசி அள்ளும்போது ஒவ்வொரு நாளும் கையில தட்டுப்படுது. வேற எடத்துல வைக்கலாம்தான். வைக்கல.

ஆவணி 2, திங்கள்

சாயங்காலம் நாலு தூறல். மண்ணு நனையல.

நகைக்கடைத் தெருவுக்குப் போனேன். கவிதாகிட்ட சொல்லல, வெங்காயம் வாங்கப் போறேன்னுட்டுப் போனேன்.

சின்னக் கடைதான். வயசான ஆளு. துணியை அவுத்ததும் பாத்துட்டு என் கழுத்தைப் பாத்தாரு. தராசுல வச்சாரு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள நம்பர் ஓடி ஓடி நின்னுச்சு. நான் அதையே பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க சொல்லுவீங்கள்ல, நம்பர் ஆடி முடிக்கிற வரைக்கும் மூச்சு விடக்கூடாதுன்னு. நானும் விடல.

"மூணு கிராமுக்குக் கொஞ்சம் கூட. அரக்கு இருக்கு, கழிக்கணும். இருவத்தஞ்சு வரும்மா."

எனக்கு வேண்டியது பதிமூணுதான். ஒரு தாலியை மட்டும் வாங்கிக்கிறீங்களான்னு கேட்டேன். கேட்டப்புறம்தான் ஒறைச்சது. அவரும் பாவம், என்ன சொல்லுவாரு. "யோசிச்சிட்டு வாங்கம்மா. தங்கம் எங்க போகுது"ன்னாரு. டீ வாங்கித் தரவான்னாரு. வேணாம்னு வந்துட்டேன்.

வெங்காயம் வாங்க மறந்துட்டேன். கவிதா வெறுங்கையப் பாத்தா. கண்டுபிடிச்சிட்டா. பொம்பளப் பிள்ளைக்கு எல்லாம் தெரியுது.

"என் சம்பளம் மூவாயிரம் இருக்கும்மா. மிச்சத்துக்கு அப்பா வண்டியை வித்துரலாம்."

வண்டியைப் பாத்தேன். சீட்டு கிழிஞ்ச மொபட்டு. எவன் வாங்குவான் பத்தாயிரத்துக்கு.

ஆவணி 4, புதன்

பாண்டி அண்ணே பத்திரம் எழுதுற ஜெயந்தி அக்காகிட்ட கூட்டிட்டுப் போனாரு. நாகமலை போற ரோட்டு மேல, ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால ஒரு ரூம்பு. ஐம்பது வயசு இருக்கும். கண்ணாடிக்கு நூலு கட்டி இருக்காக. வெத்தலை. மெஷின் மாதிரி டைப் அடிக்கிறாக, வாயும் நிக்கல.

வீட்டை விக்கிறவுகளும் வந்திருந்தாக. சேலைக்கடை ஐயாவும் அவர் வீட்டம்மா ருக்மணியம்மாவும். சௌராஷ்டிராக்காரங்க. அவுகளுக்குள்ள அவுக பாஷையில வேகவேகமாப் பேசிக்கிட்டாக. என்னையப் பாத்துப் பாத்துப் பேசுன மாதிரி இருந்துச்சு. தாலி இல்லாதவ எதிர்ல வந்து ஒக்காந்துட்டாளேன்னு பேசுறாங்களோன்னு எனக்குக் கூசிப் போச்சு. சேலையை இழுத்து மூடிக்கிட்டேன். ருக்மணியம்மா என் பக்கம் திரும்பி, "ஒண்ணுமில்லம்மா, கண்ணாடியை வீட்டுல வச்சிட்டு வந்திட்டாராம். அதுக்குத்தான் திட்டுறேன்"ன்னாக. தண்ணி பாட்டிலை நீட்டினாக. குடிச்சேன்.

எம்புட்டு நெனச்சுட்டேன் ஒரு நிமிசத்துல.

ஜெயந்தி அக்கா கேட்டது:
"எத்தனை சென்ட்?" ஒன்றரை.
"கட்டடம்? காங்கிரீட்டா, ஓடா?" ஓடு. பின்னால சமையல்கட்டு மட்டும் சிமெண்டு சீட்டு.
"கரண்டு யார் பேர்ல?" ஐயா பேர்ல.

கம்ப்யூட்டர்ல தெருப் பேரைப் போட்டுப் பாத்தாக. வழிகாட்டி மதிப்புன்னு ஒண்ணு இருக்காம். இந்தத் தெருவுல இம்புட்டுக்குக் கீழ வெல சொல்லக் கூடாதுன்னு கெவுருமெண்டே எழுதி வச்சிருக்கிற வெல. எடத்துக்கும் கட்டடத்துக்கும் சேத்து எட்டு லட்சத்து எண்பதாயிரம்தான் வருது. நம்ம பேசுனது ஒம்பதரை. ரெண்டுல எது கூடவோ அதுக்குத்தான் வரி.

பாண்டி அண்ணே என் காதுக்கிட்ட வந்து, "எட்டு எண்பதுன்னே எழுதிருவோம்த்தா. ஆறாயிரத்துச் சொச்சம் மிச்சம். எல்லாரும் செய்யிறதுதான்"ன்னாரு.

ஆறாயிரம். ரெண்டு குண்டு வெல. எனக்கு ஆசை வந்துச்சு மாமா, பொய் சொல்லல. ஆனா ஒப்பந்தத்துல ஒம்பதரைன்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. லாரிக்காரன் நூறு ரூவா நீட்டி ரெண்டு டன்னு கொறைச்சுப் போடச் சொன்னா கதவைச் சாத்திட்டு வர்ற ஆளு. உங்க கையெழுத்துக்குக் கீழ நான் கொறைச்சு எழுதவா?

"உள்ளதை எழுதுங்கக்கா"ன்னேன். ஐயாவும் தலையாட்டுனாரு.

"அப்பன்னா ஏழும் ரெண்டும் ஒம்போது, எண்பத்தஞ்சு ஐநூறு"ன்னு பாண்டி அண்ணே சொல்லி வாய மூடல. ஜெயந்தி அக்கா கண்ணாடியைத் தூக்கி நெத்தியில வச்சிக்கிட்டு, "பத்திரம் யாரு பேர்ல?"

"இவுக பேர்ல."

"இவுக பேர்ல மட்டும்தான? ஆம்பளை யாரும் சேரலல்ல?"

"இல்ல."

"அப்புறம் எங்க இருந்துண்ணே ரெண்டு? பொம்பளை பேருல பத்து லட்சத்துக்குள்ள எழுதுனா பதிவுக் கட்டணம் ஒண்ணுதான். எப்பவோ வந்திருச்சு. வாரத்துக்கு எத்தனை பத்திரம் பாக்குறேன்னு சொன்னீங்க?"

பாண்டி அண்ணே தலையைச் சொறிஞ்சாரு. "நம்ம பார்ட்டி எல்லாம் முப்பது, நாப்பதும்மா. பத்துக்குள்ள எவன் வாங்குறான்."

அவுக ரெண்டு பேரும் சிரிச்சிக்கிட்டிருந்தாக.

கவர்ல இருந்து உங்க சீட்டை எடுத்தேன். ப 1. அதுக்கு மேல செவப்புல ரெண்டு.

ஜெயந்தி அக்கா வாங்கிப் பாத்தாக. "யாரு எழுதுனது?"

"எங்க வீட்டுக்காரரு."

"சரியாத்தான எழுதியிருக்காரு. என்கிட்டதான் வந்து கேட்டுட்டுப் போனாருன்னு நெனைக்கிறேன். ஒல்லியா, உசரமா? காதுல பேனா?"

ஆமான்னேன்.

"ஒப்பந்தத்தை நல்லாப் படிச்சீங்களாம்மா? இந்தா, ரெண்டாம் பக்கம். 'தங்கள் பெயரிலோ தாங்கள் குறிப்பிடும் நபர் பெயரிலோ.' ஒப்பந்தம் அவர் பேர்ல, கிரயம் சம்சாரம் பேர்லன்னு சொன்னாரு. அதுக்குப் பான் கார்டு வேணும்னேன். விண்ணப்பம் போட்டுட்டாரா?"

பீரோவுல கெடக்குற அட்டை. வைகாசியில என் ஆதாரை வாங்கிட்டுப் போயி ஜெராக்ஸ் எடுத்தீங்க. எதுக்குன்னு கேட்டேன். ரேசன் கார்டுக்குன்னீங்க. நான் கூட, ரேசன் கார்டுலதான் ஏற்கெனவே இருக்கேனே, கூறு கெட்ட மனுசன்னு திட்டுனேன்.

பாண்டி அண்ணே சீட்டை வாங்கி, அதே செவப்புப் பேனாவால அவரு போட்ட ரெண்டை அடிச்சாரு. பக்கத்துல ஒண்ணுன்னு போடப் போனாரு. வேணாம்ணேன்னு வாங்கிக்கிட்டேன்.

எழுதவே முடியல இன்னைக்கு. போதும்.

ஆவணி 5, வியாழன்

நேத்து விட்டதை எழுதணும்.

வெலைக்கு வரி: ஏழும் ஒண்ணும் எட்டு. எழுபத்தாறாயிரம். மத்தது ஆறாயிரத்தி ஐநூறு. கூட்டுனா எண்பத்தி ரெண்டு ஐநூறு. கையில எழுபத்தொம்போது. கொறையுறது மூவாயிரத்தி ஐநூறு. கவிதா சம்பளம் மூணு, மாவுக்காசு ஐநூறு. சரியாப் போச்சு.

அரிசிப் பானைக்குள்ளயே இருக்கட்டும் அது.

பாண்டி அண்ணே வரும்போது பஸ்ஸுல சொன்னாரு, "எப்படியோ ஒம்பதாயிரத்தி ஐநூறு மிச்சம்த்தா." நல்ல மனசுலதான் சொன்னாரு. எனக்கு அதுக்கும் அழுகை வந்துச்சு. நீங்க போனதால மிச்சம்னு சொன்ன மாதிரி கேட்டுச்சு. அப்புறம்தான் யோசிச்சேன், அப்படி இல்ல. நீங்க இருந்தாலும் அம்புட்டுத்தான். இருந்தாலும் என் பேருதான். சீட்டுல ஒண்ணுன்னுதான் எழுதியிருக்கு.

டெய்லர் சட்டையை வாங்கிட்டேன். ஒரு சட்டை நீலம். இன்னும் மடிப்புக் கலையல.

ஆவணி 8, ஞாயிறு

வெயில் கொறைஞ்ச மாதிரி. கெணத்தடியில துவைச்சேன்.

கவிதா போன்ல பணம் கட்டுறதுக்கு ஜெயந்தி அக்கா சலான் அனுப்பியிருக்காக. பேங்க்ல இருந்து போன் வழியாவே போயிருமாம். நம்மகிட்ட இருந்து ரூவாத்தாள் கைமாறாம எழுபத்தாறாயிரம் போறது எனக்குப் பயமா இருந்துச்சு. "அமுக்கவாம்மா?"ன்னா. "அமுக்கு"ன்னேன். அமுக்கிட்டா. ஒரு சத்தம். அவ்வளவுதான்.

முன்னாடி மாதிரி கட்டுக்கட்டா முத்திரைத் தாள் வாங்க வேண்டாமாம். எனக்கு அது ஏமாத்தமா இருக்கு. இம்புட்டு குடுத்ததுக்கு ஒரு சிங்கம் போட்ட தாளாவது கையில குடுக்கலாம்.

பத்திரத்து நகல் படிக்கக் குடுத்தாக. எழுத்துக் கூட்டிப் படிச்சேன். முதல் பக்கத்துலயே, "காலஞ்சென்ற" போட்டு உங்க பேரு, "அவர்களின் மனைவி"ன்னு என் பேரு. காலஞ்சென்ற. காலம் எங்க சென்றுச்சு? அறுபது நாளுதான் ஆகுது.

சீட்டுல டிக் போட்டேன். மு. ப. எ.கூ பாதி. வி.

பூ-தான் இன்னும் யாருக்கும் தெரியல. பாண்டி அண்ணே, "பூசையாத்தான் இருக்கும்த்தா. ஆபீஸ் வாசல்ல பிள்ளையார் இருக்காரு, மாலை போட்டுட்டுத்தான் எல்லாரும் உள்ள போவாக"ன்னாரு. ஜெயந்தி அக்காகிட்ட போன்ல கேட்டா, "பூமி வரியா இருக்குமோ? ஆனா அப்படி ஒண்ணும் கெடையாதே"ன்னாக. கவிதாகிட்ட காட்டுனேன். பாத்துட்டு எந்திரிச்சு அடுப்பைப் பாக்கப் போயிட்டா. அடுப்புல ஒண்ணும் இல்ல.

ஆவணி 12, வியாழன்

நேத்து பிள்ளையார் சதுர்த்தி, ஆபீஸ் லீவு. அதனால இன்னைக்குக் கூட்டம் தள்ளு முள்ளு. எங்க டோக்கன் இருபத்தேழு. பதினொண்ணுக்குச் சொன்னது, கூப்பிட்டப்ப ரெண்டரை. உக்கார எடம் இல்ல. மரத்தடியில நின்னோம். கால் வீங்கிப் போச்சு.

ருக்மணியம்மா டப்பாவுல புளியோதரை கொண்டு வந்திருந்தாக. எல்லாரும் அதையே சாப்பிட்டோம். பாண்டி அண்ணே ரெண்டு தடவை வாங்கினாரு. "இந்தப் புளியோதரைக்கே இன்னொரு வீடு முடிச்சுக் குடுப்பேம்மா." அவுக வீட்டை விக்கிறது மகன் கூட போயி இருக்கிறதுக்காகவாம். "அந்தச் செவுத்துல அலமாரிக்கு மேல ஒரு ஆணி இருக்கு, பிடுங்கிராத. எங்க மாமியார் படம் முப்பது வருசம் மாட்டியிருந்தது"ன்னாக. பிடுங்க மாட்டேன்னேன். அந்த ஆணி எதுக்குன்னு எனக்கும் தெரியும்.

ஐயா சொன்னாரு, "உங்க வீட்டுக்காரரு வீடு பாக்க வந்தப்ப சமையல்கட்டுல நின்னு ரொம்ப நேரம் பாத்தாரு. கிரைண்டர் எங்க வைக்கலாம்னு அடி அளந்து பாத்தாரு. செருப்புக் காலால அளந்தாரு." எனக்கு இது யாரும் சொல்லல.

உள்ள கூப்பிட்டாக. போட்டோ எடுத்தாக. கைரேகை மெசின்ல கட்டை விரலை வச்சா எடுக்கல. மறுபடி. எடுக்கல. "விரல் தேஞ்சிருக்கும்மா, என்ன வேலை?" மாவாட்டுறேன்னேன். சேலையில தொடச்சு, தொடச்சு, நாலாவது தடவை பச்சை வெளிச்சம் வந்துச்சு.

பெரிய ஆபீசரு ஐயாகிட்ட, பணம் முழுசும் வந்துருச்சா, யாரும் மிரட்டலையேன்னு கேட்டாரு. அப்புறம் என் பக்கம். பேரு சொல்லுன்னாரு. சொன்னேன்.

"கணவர் பேரு?"

கவிதா வாயைத் தெறந்தா. நான் கையை அமுத்துனேன்.

சொல்லிட்டேன் மாமா. இருபத்தி ரெண்டு வருசத்துல மொத தடவை. அதுவும் மெதுவாச் சொன்னேன் போல. "சத்தமாச் சொல்லும்மா, ஃபேனு ஓடுது"ன்னாரு. இன்னொரு தடவை சொன்னேன். ரூம்புல எல்லாருக்கும் கேட்டுச்சு. இங்க எழுத மாட்டேன்.

கையெழுத்து ஒவ்வொரு பக்கத்துலயும். என் எழுத்து போகப் போகச் சின்னதாப் போச்சு. முடிஞ்சிருச்சு. கெடுவுக்கு இன்னும் மூணு நாளு இருக்கு. பத்திரம் நாளைக்குக் குடுப்பாங்களாம். பட்டாவுக்கும் இதுலயே எழுதியாச்சு, வீட்டு வரிக்குப் பேரு மாத்துறது தனியா, பஞ்சாயத்து ஆபீஸ்ல.

வெளியில வந்தா வாசல்ல பூக்காரம்மா. "பத்திரம் முடிச்சிட்டு வர்றியா தாயி, பூ வாங்கிட்டுப் போ"ன்னு முழத்தை நீட்டுனா. நீட்டுன பொறவுதான் என் நெத்தியைப் பாத்தா. கை அப்படியே நின்னுச்சு. அவளுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். கவிதா வாங்கி அவ தலையில வச்சிக்கிட்டா. பிள்ளையாருக்கும் ஒரு மாலை போட்டோம். ரெண்டும் அவ காசு. சீட்டுக் காசுல கை வைக்கல.

வீட்டுக்கு வந்து டிக் போட்டேன். மு. ப. எ.கூ. வி. ப.மா. எல்லாம் ஆச்சு. நீங்க போட்டபடி ஒரு ரூவா தப்பல. இருநூறு ரூவா தனியா மடிச்சு சீட்டுக்குள்ள இருக்கு. அதுக்கு மட்டும் டிக் போடல.

பிள்ளையாருக்குன்னா இருபது ரூவா மாலை போதும். இருநூறுக்கு எட்டு முழம் வரும்.

மாமா, அந்தப் பூ யாருக்கு?